எருக்கஞ்செடியும் இரண்டு டீயும்

பாண்டியில் பட்டாம்பூச்சி பார்க்க எங்கே போகலாம் என்று அக்கா மகன் கேட்டான். "முதல்ல ஒரு டீ குடிப்போம், வா" என்றேன். முகம் சுருங்கிவிட்டது. மணி காலை ஏழேகால். தோளில் புதுக் கேமரா, கேமராவைவிட விலை கூடிய மேக்ரோ லென்ஸ், தலையில் ரேஞ்சர் தொப்பி. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. மூன்று நாள் லீவு. "லைட் சூப்பரா இருக்கு மாமா. டீக்கடையில உக்காந்தா போயிடும்" என்றான். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது. பட்டாம்பூச்சிதான் இன்னும் எழுந்திருக்காது.

வில்லியனூரிலிருந்து பத்துக்கண்ணு போகிற வழியில் எனக்கு வாடிக்கையான கடை ஒன்று உண்டு. கீற்றுக் கொட்டகை, பித்தளை பாய்லர், மரப் பெஞ்சு இரண்டு. கொல்லைப்பக்கம் ஒரு கறிவேப்பிலை மரமும் ஒரு நாரத்தைக் கன்றும், கிளாஸ் கழுவுகிற தண்ணீரிலேயே தழைத்து நிற்கின்றன. நான் அங்கே போவது டீக்காக மட்டும் இல்லை.

கிளாஸ் வந்தது. சூடு தாங்காமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஊதினான். "உனக்கு வயித்துக்குள்ளேயே ஒரு பாய்லர் எரியுது. பட்டாம்பூச்சிக்கு அது கிடையாது" என்று ஆரம்பித்தேன்.

மார்புக்குள் இருக்கிற சிறகுத் தசை சூடேறினால்தான் அதனால் பறக்க முடியும். பழைய டீசல் வண்டியைப் பனிக்காலத்தில் எடுப்பது மாதிரி. சாவியைத் திருப்பி, ஹீட்டர் விளக்கு அணைகிறவரை காத்திருந்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டுத்தானே நகர்த்துவார்கள்? பட்டாம்பூச்சிக்கு ஹீட்டர் சூரியன். விடிந்ததும் இலைமேல் ஏறிச் சிறகை விரித்துக் காயும். விரிக்காமல், மூடிய சிறகைப் பக்கவாட்டில் சாய்த்து வெயில் வாங்குகிறவையும் உண்டு. படம் பிடிக்க அதுதான் நேரம். எட்டு மணிக்கு விழித்திருக்கும், ஆனால் ஓட்டம் பிடிக்காது. பத்தரை தாண்டினால் நம்மூர் வெயிலில் ஒரு நொடி உட்காராது. உச்சிவேளையில் அதுவும் நம்மைப் போல நிழல் தேடிப் போய்விடும்.

"ஸ்பிரிங்லதான் நிறைய வரும்னு படிச்சேன் மாமா. இப்ப மார்ச்."

படித்தது குளிர்நாட்டுக்காரன் எழுதிய புத்தகமாக இருக்கும். அங்கே பனி உருகி, தளிர் விட்டு, பிறகுதான் எல்லாம். இங்கே கணக்கு மழையோடு. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டும். கொட்டியதும் வரப்பு, வாய்க்கால், புறம்போக்கு எல்லாம் பச்சை பிடிக்கும். இலை இருந்தால் முட்டை. முட்டையிலிருந்து சிறகுவரை பெரும்பாலான இனங்களுக்கு மூன்று நான்கு வாரம் போதும். ஆகவே மழை விட்ட மார்கழி, தை, மாசிதான் பட்டாம்பூச்சி காலண்டரில் வசந்தம். நாம் இளவேனில் என்று பெயர் வைத்திருக்கிற சித்திரை வைகாசி அதற்குப் பஞ்ச காலம். சரக்கொன்றைத் தளிரைத் தின்று வளர்கிற கொன்னை வெள்ளையன் மாதிரி சிலதுதான் அப்போது கொண்டாட்டமாகத் திரியும்.

நாங்கள் கிளம்பியது பங்குனி முதல் வாரம். கடைசி பஸ் மாதிரி. எங்கே நிற்கும் என்று தெரிந்தவனுக்குக் கடைசி பஸ்ஸிலும் இடம் கிடைக்கும்.

"எங்க நிக்கும்?"

ஊருக்குப் புதிதாக வந்த ஒரு பிரம்மச்சாரியைத் தேட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை. மத்தியானம் மெஸ் வாசலில் போய் நின்றால் தானாக வருவான். பட்டாம்பூச்சிக்கும் அப்படித்தான். ஆனால் இங்கே ஒரு சிக்கல். அதற்கு மெஸ் எது என்று கேட்டால் எல்லாரும் பூ என்பார்கள். பூ டீக்கடை. எந்தக் கடையிலும் நின்று ஒரு வாய் குடித்துவிட்டுப் போகும். தாத்தாப்பூ, உண்ணிப்பூ, நாயுருவி, எதுவானாலும் சரி. பிள்ளைக்குச் சோறு போடுகிற வீடு வேறு. அது ஒரு குறிப்பிட்ட செடியின் இலை. வெந்தய வரியனுக்கு எருக்கு, ஆமணக்குச் சிறகனுக்கு ஆமணக்கு. வேறு இலையில் முட்டை வைத்தால் புழு பட்டினி கிடந்து செத்துப்போகும். அதனால் பெண் பூச்சி இலைமேல் உட்கார்ந்து முன்காலால் தட்டித் தட்டிப் பார்க்கும். ருசி பார்க்கிற நரம்பு அதற்குக் காலில் இருக்கிறது. நாம் சட்டியில் விரலை விட்டு நக்கிப் பார்ப்பதை அது நக்காமலே செய்கிறது.

"அப்ப பட்டாம்பூச்சிய விட்டுட்டுச் செடியப் படிக்கணுமா?"

பத்துச் செடி தெரிந்தால் போதும். நாட்டில் சுமார் 1300 வகைப் பட்டாம்பூச்சிகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் 300-க்கு மேல். அதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புகிறவன் கிளம்பவே மாட்டான். நான் செடியைப் பார்த்து வைத்துக்கொள்வேன். பூச்சி கண்ணில் பட்டபிறகு புத்தகத்தைப் பிரிப்பேன். க்ரியா பதிப்பகம் கொண்டுவந்த ஆர். பானுமதியின் வண்ணத்துப்பூச்சிக் கையேடு என் பையில் எப்போதும் கிடக்கும், மூலை மடிந்து, டீக்கறையோடு.

வில்லியனூரையே எடுத்துக்கொள்ளுங்கள். வில்வநல்லூர்தான் மருவி வில்லியனூர் ஆயிற்று என்று ஊரில் சொல்வார்கள். திருக்காமீசுவரர் கோயிலுக்குப் போகிறவர்கள் வில்வ இலையை அர்ச்சனைக்குக் கொடுத்துவிட்டு வருவார்கள். புதுச்சேரியின் அரசு மரமும் வில்வம்தான். இந்த வில்வம், எலுமிச்சை, நாரத்தை எல்லாம் ஒரே குடும்பம். எலுமிச்சை அழகி என்று ஒரு பட்டாம்பூச்சி, கறுப்பில் வெளிர்மஞ்சள் தெளித்த மாதிரி இருக்கும், இந்தக் குடும்பத்து மரங்களில்தான் முட்டையிடும். நம் அரசு மரத்தைத் தின்று வளர்கிற பூச்சி என்று அதற்கு ஒரு பெருமை உண்டு. அரசு அதைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. தமிழ்நாடு 2019-இல் தமிழ் மறவனைத் தன் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்தது. அது மேற்கு மலைக்காரன். பாகூரில் எதிர்பார்க்காதீர்கள்.

கடைக்காரர் காதில் இதெல்லாம் விழுந்துகொண்டுதான் இருந்தது. "சார், நாரத்தையில ஒரு பச்சைப்புழு வருதே, அதுவா? தெனம் நாலு எடுத்து ரோட்டுல போடறேன். கன்னு மொட்டை அடிச்சிடுது."

அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டடிக் கன்றுக்கு நாலு புழு என்பது நாலு மாடு. கொல்லைக்குப் போய்ப் பார்த்தோம். நாரத்தையில் ஒன்றும் மிச்சமில்லை. காலையிலேயே வேலையை முடித்திருக்கிறார். கறிவேப்பிலையில் இருந்தது. இலை நடுவில் குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஈரப் பளபளப்போடு ஒரு துணுக்கு. "எச்சம்" என்றான் அக்கா மகன். இன்னும் கொஞ்சம் பார் என்றேன். எச்சம் அரை அங்குலம் நகர்ந்தது. கறிவேப்பிலை அழகியின் சின்னப் புழு. எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? வளர்ந்தபிறகு அந்த வேஷம் பொருந்தாது. அவ்வளவு பெரிய எச்சம் கிடையாது. ஆகவே தோலுரித்துப் பச்சைச் சட்டைக்கு மாறிவிடும். பக்கத்துக் காம்பில் அப்படி ஒன்று, சுண்டுவிரல் நீளம், படுத்திருந்தது. ஒரு குச்சியால் லேசாகத் தொட்டதும் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்த செக்கச்செவேல் கொம்பு வெளியே வந்தது. கூடவே அழுகிய எலுமிச்சை நெடி. கடைக்காரர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். "எட்டு வருசமா கையால எடுக்கறேன், இத நான் பாத்ததே இல்ல சார்."

"இது ஒண்ண மட்டும் விட்டுடுங்க. ரெண்டு நாள்ல தின்கறத நிறுத்திடும்" என்றேன். என் போன் நம்பரையும் கொடுத்தேன். டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்றார். கொடுத்துவிட்டு வந்தோம்.

கடைக்கு எதிர்ப்பக்கம் வாய்க்கால். கரையில் எருக்கு, இடுப்பளவு. பக்கத்து வயலில் சம்பா அறுத்த தாளுக்குள் உளுந்து பூத்திருந்தது. அதைத் தாண்டி மல்லாட்டைக்கொல்லை. வெந்தய வரியன் இரண்டு எருக்கைச் சுற்றிக்கொண்டிருந்தன. பெயருக்கேற்ற நிறம், வறுத்த வெந்தயத்தில் கறுப்பு ஓரம் போட்டு, முனையில் வெள்ளைப் பட்டை. அக்கா மகன் கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான். அவை பத்தடி தள்ளிப் போயின. மறுபடி ஓடினான். மல்லாட்டைக்கொல்லைக்குள் போய்விட்டன.

"உக்காரு."

துரத்தினால் கிடைக்காது. அதன் கண் தலையின் இரண்டு பக்கமும் புடைத்திருக்கும். ஏறக்குறைய எல்லாத் திசையும் தெரியும். நம் முகம் அதற்குப் பொருட்டில்லை. அசைவும் நிழலும்தான் பயம். வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்காமல், நிழல் செடிமேல் விழாதபடி தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். மெஸ் வாசல் என்று சொன்னேன் அல்லவா? பத்து நிமிடத்தில் ஒன்று திரும்பி வந்தது. பெண். இலைக்கு இலை தொட்டுத் தொட்டுப் போயிற்று. ஓர் இளம் இலையில் நின்று, விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை இலைக்கு அடியில் வளைத்தது. இரண்டு நொடி. போய்விட்டது. இலையைத் திருப்பினோம். கடுகைவிடச் சிறியதாக, பால் வெள்ளையில் ஒரே ஒரு முட்டை.

அவன் படம் எடுக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டு பார்த்துக்கொண்டிருந்தான். நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அடுத்த செடியில் புழுவும் கிடைத்தது. கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வளையம் வளையமாக, முதுகில் மூன்று ஜோடிக் கறுப்புக் கொம்பு. ஒளிகிற எண்ணமே கிடையாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் என்ன ஆகும் என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அந்தப் பாலை இது எப்படிச் சமாளிக்கிறது? முதலில் இலை நரம்பைக் கடித்துவிட்டுக் கொஞ்சம் காத்திருக்கும். பால் அந்த வெட்டு வழியாக வடிந்துவிடும். வடிந்தபிறகு அதற்கு அப்பால் இருக்கிற பகுதியைத் தின்னும். மோட்டாரை நிறுத்திவிட்டுக் குழாய் ரிப்பேர் பார்க்கிற பிளம்பர் புத்தி. அப்படியும் உள்ளே போகிற நஞ்சை வீணாக்காமல் உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். சிறகு முளைத்தபிறகும் அது கூட வரும். தெரியாமல் கொத்துகிற குருவி துப்பிவிடும். தோல் கெட்டி என்பதால் துப்பப்பட்ட பூச்சி செத்ததுபோலக் கிடந்துவிட்டு எழுந்து பறக்கும். அது நிதானமாகப் பறப்பதற்குக் காரணம் இந்தத் தைரியம்தான்.

படம் எடுக்கும் விதத்தையும் அங்கேயே சொன்னேன். இவ்வளவு கிட்டத்தில் லென்ஸ் தெளிவாகக் காட்டுகிற ஆழம் சில மில்லிமீட்டர்தான். தலை தெளிவாக இருந்தால் சிறகு நுனி மங்கும். ஒரே வழி, மூடிய சிறகு எந்தத் தளத்தில் இருக்கிறதோ கேமராவின் முதுகும் அதற்கு இணையாக இருக்க வேண்டும்; சுவரில் காலண்டர் மாட்டுகிற மாதிரி. ஷட்டர் 1/500 வினாடிக்குக் குறையக் கூடாது. வாய்க்கால் காற்று சும்மா இருக்காது. போன் கேமரா வைத்திருப்பவர்களும் கவலைப்பட வேண்டாம், இந்த இணைத்தளக் கணக்கு அதற்கும் பொருந்தும். இன்னொன்று: அடிப்பக்கம், மேல்பக்கம் இரண்டையும் எடுத்துவிட வேண்டும். பல பூச்சிகளை அடிப்பக்கம் பார்க்காமல் பெயர் சொல்லவே முடியாது. படத்துக்காகப் பூச்சியைப் பிடித்து ஃபிரிட்ஜில் வைத்து, மயங்கியபிறகு பூமேல் உட்கார்த்தி எடுக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அந்தப் படங்களில் கால் பூவைப் பிடித்திருக்காது. ஒருமுறை கவனித்துவிட்டால் அப்புறம் ரசிக்க முடியாது.

"மாமா, எல்லாமே ஒரே பூச்சியா இருக்கே. நாப்பது படம் எடுத்துட்டேன்."

"எல்லாம் ஒரே பூச்சின்னு யாரு சொன்னா?"

இந்த இடத்தில் என் அவமானம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பட்டாம்பூச்சிக் குறிப்பு எழுத ஆரம்பித்த முதல் மூன்று வருடம் வெந்தய வரியன், வெந்தய வரியன் என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருந்தேன். பழைய படங்களை ஒரு மழைநாளில் புரட்டும்போதுதான் அதில் இரண்டு வெந்தய வரியனே இல்லை என்று தெரிந்தது. ஆங்கிலத்தில் டானைட் எக்ஃப்ளை என்கிற வேறொரு பூச்சியின் பெண் அது. ஆண் கறுப்பாக, நீலம் மின்னும் வெள்ளை வட்டங்களோடு கம்பீரமாக இருக்கும். அதற்கும் இதற்கும் உறவே சொல்ல முடியாது. பெண் மட்டும் அச்சு அசலாக வெந்தய வரியன் வேஷம். இதன் புழு தின்பது தரையில் படர்கிற பருப்புக்கீரை. நாம் கடைந்து சோற்றில் பிசைகிற கீரை. அதில் ஏது நஞ்சு? நஞ்சு இல்லாதது நஞ்சுள்ளதின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறது.

நம்பர் பிளேட்டில் 'போலீஸ்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பைக் பார்த்திருப்பீர்கள். ஓட்டுகிறவர் போலீஸாக இருக்க மாட்டார். மச்சான் இருப்பார், பெரியப்பா மகன் இருப்பார். ஆனாலும் செக்போஸ்ட்டில் கை காட்டுகிறவர் ஒரு நொடி தயங்குவார். அந்தத் தயக்கம்தான் லாபம். இது எதுவரை செல்லும்? அசல் போலீஸ் வண்டி நிறைய இருக்கிறவரை. ஊரில் பாதி வண்டி ஸ்டிக்கர் ஒட்டினால் ஸ்டிக்கருக்கு மதிப்பு போய்விடும். பட்டாம்பூச்சியிலும் அதே கதை. போலி குறைவாக இருக்கிறவரைதான் குருவி ஏமாறும். அமேசான் காட்டில் பதினோரு வருடம் பூச்சி பிடித்த ஹென்றி வால்டர் பேட்ஸ் 1862-இல் இதை எழுதினார். அவர் பெயரிலேயே இந்த வேஷத்தைச் சொல்கிறார்கள்.

கண்டுபிடிப்பது எப்படி? பின்சிறகில் கறுப்புப் புள்ளியை எண்ண வேண்டும். வெந்தய வரியன் என்றால் பின்சிறகின் நடுப்பகுதியைச் சுற்றி மூன்று புள்ளி. ஆணுக்கு மணப்பையோடு சேர்த்து நான்கு. வேஷக்காரிக்கு மேல்விளிம்பருகே ஒன்றே ஒன்று. அவன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து நாற்பது படத்தையும் பெரிதாக்கிப் பெரிதாக்கி எண்ணினான். எல்லாம் மூன்று, நான்கு. அசல். முகம் தொங்கிவிட்டது. "அதுதான் கணக்கு. நாப்பதுல பத்து போலியா இருந்தா வேஷம் எப்பவோ கலைஞ்சிருக்கும்" என்றேன். சமாதானம் ஆகவில்லை.

கறிவேப்பிலை அழகியிடம் இதே வித்தை இன்னும் முற்றியிருக்கிறது. அதன் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும்; சில ரோஜா அழகியைப் போல; சில சிவப்புடல் அழகியைப் போல. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளில் மூன்று தினுசு. பிரிட்டிஷ்காரர் இதற்கு 'காமன் மார்மன்' என்று பெயர் வைத்தது, பல மனைவி வைத்துக்கொண்ட மார்மன்களை நினைத்து. வெள்ளைக்காரக் கிண்டல். கறிவேப்பிலை அழகி என்பது எவ்வளவோ மேல். பெயரைக் கேட்டாலே எங்கே தேடுவது என்று தெரிகிறது. இந்த மூன்று வேஷத்துக்கும் சாவி ஒரே மரபணுவில் இருக்கிறது என்று 2014-இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் பெங்களூரு ஆய்வு நிறுவனமான என்.சி.பி.எஸ்.ஸின் கிருஷ்ணமேக் குண்டே. பூச்சி ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பதில் பங்குள்ள அதே மரபணுவே சிறகுக் கோலத்தையும் மாற்றுகிறதாம். அக்கா மகன் வேலை பார்க்கிற ஊரில் இருந்து வந்த சங்கதி. அவன் பாண்டிக்கு வந்து கேட்டுக்கொண்டான்.

ரோஜா அழகிக்கும் சிவப்புடல் அழகிக்கும் நஞ்சு எங்கிருந்து? ஆடுதீண்டாப்பாளை. செடிக்குப் பெயர் வைத்தவர் பக்கம் பக்கமாக விளக்கவில்லை. ஆடு தீண்டாது என்பதோடு நிறுத்திக்கொண்டார். வரப்பில் தரையோடு படர்ந்து கிடக்கும், இதயம் போல இலை. ஆடே ஒதுங்குகிற செடியை இந்தப் புழுக்கள் மட்டும் ரசித்துத் தின்னும். வரப்பில் களைக்கொல்லி அடிக்கும்போது முதலில் கருகுவது இதுதான். பாகூர் பக்கம் முன்பு பார்த்த இரண்டு மூன்று வரப்பில் இப்போது இல்லை. அடித்தவரைக் குறை சொல்லி என்ன செய்வது? அவருக்கு அது களை. அந்தச் செடிக்கும் சிவப்புடல் அழகிக்கும் உள்ள கணக்கை அவருக்கு யாரும் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னதில்லை. 1972 வனவுயிர்ச் சட்டத்தின் பழைய பட்டியலில் சிவப்புடல் அழகிக்கு யானைக்கும் புலிக்கும் பக்கத்தில் இடம் கொடுத்திருந்தார்கள். ஆடுதீண்டாப்பாளைக்கு எந்தப் பட்டியலிலும் இடம் இல்லை.

பத்து மணிக்கு ஊசுடு ஏரிப் பக்கம் போகலாமா என்றான். 2008-இல் பறவைகள் சரணாலயமான ஏரி. அங்கே போனால் பறவை பார்க்கிறவர்கள் நம்மையும் இழுத்துக்கொள்வார்கள் என்று தவிர்த்துவிட்டேன். திருக்காஞ்சிக்கு வண்டியைத் திருப்பினோம். மாசி மகக் கூட்டம் கலைந்து, சங்கராபரணிக் கரை அமைதியாக இருந்தது. ஈர மணலில் எலுமிச்சை அழகிகளும் கொன்னை வெள்ளையன்களும் சிறகை மூடிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. "தண்ணி குடிக்குதா?" என்றான். உப்பு குடிக்கிறது. பூந்தேனில் சர்க்கரை இருக்கும், உப்பு இருக்காது, இலையிலும் குறைவு. இப்படிச் சேற்றில் உறிஞ்சுகிறவை பெரும்பாலும் ஆண்கள். உறிஞ்சிய உப்பை இணைசேரும்போது பெண்ணுக்குக் கொடுத்துவிடும். அது முட்டைக்குப் போகும். புது வீட்டுக்குப் போகும்போது நாம் முதலில் உப்பை எடுத்துக்கொண்டு போகிறோம். இங்கே மாப்பிள்ளை வீட்டுச் சீரே உப்புதான். அங்கே மட்டும் அவன் துரத்தவில்லை. முழங்காலும் முழங்கையும் சேறாக, படுத்தபடி நகர்ந்து, நல்ல படம் நான்கு எடுத்தான்.

மத்தியானச் சாப்பாட்டையும் தூக்கத்தையும் இங்கே எழுத வேண்டியதில்லை.

நாலு மணிக்கு மங்கலம் வழியாகப் பாகூர். இந்தப் பக்கம் வண்டி ஓட்டுவது ஒரு தமாஷ். கொஞ்ச தூரம் புதுச்சேரி, கொஞ்ச தூரம் கடலூர் மாவட்டம், மறுபடி புதுச்சேரி. ஒயின் ஷாப் போர்டு வந்தால் எந்த மாநிலம் என்று தெரிந்துகொள்ளலாம். பட்டாம்பூச்சிக்கு அந்தக் கவலை இல்லை. எருக்கு இரண்டு பக்கமும் ஒரே விலை.

பாகூர் ஏரி புதுச்சேரியில் ஊசுடுக்கு அடுத்த பெரிய ஏரி. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக இதற்குத் தண்ணீர் வரும். சுற்றிலும் நெல். புதுவையின் நெற்களஞ்சியம் என்று மேடையில் சொல்வார்கள். வயல் நடுவில் நின்றால் மேடைப் பேச்சு என்று தோன்றாது. கரைக்குக் கீழே உளுந்து வயலில் நகம் அளவு நீலப் பூச்சிகள், பீ புளூ. உட்கார்ந்ததும் பின்சிறகை ஒன்றோடொன்று தேய்க்கும். அங்கே மயிரிழை போல ஒரு வாலும், கண் மாதிரி ஒரு புள்ளியும். வால் ஆடும்போது உணர்கொம்பு ஆடுவது போல இருக்கும். பல்லி அதைத் தலை என்று நினைத்துக் கவ்வும். சிறகில் ஒரு துண்டு போகும், உயிர் தப்பும். அந்த இடம் பிய்ந்துபோன ஒன்றைப் படம் எடுத்தோம். வயலில் நின்ற அம்மா, "அத என்னத்துக்குப்பா படம் புடிக்கிற? அதோட புழுதான் பூவையும் காயையும் ஓட்டை போடுது" என்றார். உண்மை. அழகை மட்டும் வைத்து அவரிடம் வாதாட முடியாது. நானும் வாதாடவில்லை.

பொழுது சாய்ந்தது. மற்ற பூச்சிகள் ஒவ்வொன்றாக இலைக்கடியில் அடங்கின. கேமராவைப் பைக்குள் வைக்கப் போனவனை நிறுத்தினேன். சம்பாத் தாளுக்குள், மட்கிய சருகுக்கு நடுவில், காலடிக்கு முன்னால் ஒரு சருகு எழுந்து, நாலடி தள்ளி, மறுபடி சருகாயிற்று. எங்கே விழுந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தும் தெரியவில்லை. ஈவினிங் பிரவுன். அந்தியில் திரிகிற பூச்சி. புழு நெற்பயிரிலும் புல்லிலும் வளரும், பச்சை உடம்பு, தலையில் இரண்டு கொம்பு. மழைக்காலத்தில் பிறக்கிற ஈவினிங் பிரவுனுக்குச் சிறகின் அடிப்பக்கம் வரிசையாகக் கண் கண்ணாகப் புள்ளி இருக்கும். கொத்துகிறவன் உடம்பை விட்டுவிட்டு அந்தக் கண்ணைக் கொத்தட்டும் என்று. வறண்ட காலத்தில் பிறப்பவற்றுக்குக் கண் மறைந்துவிடும். வெறும் சருகு நிறம், சிறகு ஓரமும் சருகு போல முனை நீண்டு. எல்லாம் காய்ந்து கிடக்கும்போது கண் காட்டுவது ஆபத்து, சும்மா கிடப்பதுதான் பிழைப்பு. எந்தச் சட்டை என்று புழுப் பருவத்தில் பட்ட வெப்பத்தையும் ஈரத்தையும் பொறுத்து அமைகிறது. பங்குனி என்பதால் எங்களுக்குக் கிடைத்தது சருகுச் சட்டை. அவன் எடுத்த படத்தில் வட்டம் போட்டுக் காட்டினால்தான் பூச்சி இருப்பது தெரியும். அன்று எடுத்த முந்நூற்றுச் சொச்சப் படங்களில் அதைத்தான் அவன் போன் முகப்பில் வைத்துக்கொண்டான். யாருக்கும் புரியாத படம்.

பாகூர் கடைத்தெருவில் இரண்டாவது டீ. அதற்கு அவன் காசு கொடுத்தான்.

பதினோரு நாள் கழித்து காலை ஆறு மணிக்குப் போன். வில்லியனூர் டீக்கடைக்காரர். அந்தப் பச்சைப்புழு மறுநாளே தின்பதை நிறுத்திவிட்டு, கொட்டகை மூங்கிலில் ஏறி, இடுப்பில் ஒரு நூல் கட்டிக்கொண்டு சாய்ந்து நின்றுவிட்டதாம். மேலே ஒரு மூடி போலத் தோல் கட்டி, மூங்கில் நிறத்துக்கே மாறிவிட்டதாம். அவர் மனைவி அந்தப் பக்கம் ஈரத்துணி காயப்போடுவதையே நிறுத்திவிட்டாராம்.

"ஆனா சார், நேத்து சாயங்காலத்துலேருந்து கூடு கருத்துப்போச்சு. உள்ளயே செத்துப்போச்சுன்னு நெனைக்கிறேன். எடுத்துப் போட்டுடவா?"

"எடுக்காதீங்க. கூட்டுத்தோல் கண்ணாடி மாதிரி ஆயிருக்கும். கருப்பாத் தெரியறது உள்ள மடிச்சு வச்ச சிறகு. பெஞ்ச அங்க தூக்கிப் போட்டு உக்காருங்க."

"கடை?"

"ஒரு மணி நேரம் லேட்டாத் தொறங்க."

மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு பெஞ்சை இழுக்கிற சத்தம் கேட்டது.